வரப்பில் நடந்த கால் மலை ஏறுமா?

உடம்பும் உழைப்பும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று மரக்காணம் பக்கத்திலிருந்து வந்தவை. எழுதியவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியர். இன்னொருவர் உப்பளத்தில் வேலை செய்துகொண்டே வனத்துறை வேலைக்குத் தேர்வு எழுதிய இளைஞர். மூன்றாமவர் உப்பளத்திலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர். மூவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகத் தெரியவில்லை, ஆனால் கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்: ஒரு சீசன் வருகிறது, அதற்குள் உடம்பை எப்படித் தயார் செய்வது? முட்டி வலி, தோள் வலிக் கடிதங்கள் அடுத்த இதழ் வரை பொறுத்திருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 46. மரக்காணத்தில் பள்ளி ஆசிரியர். பல வருடமாகக் கழுவேலி ஏரியில் பறவை பார்க்கிறேன். வரும் ஏப்ரலில் நீலகிரியில் நடக்கும் வரையாடு கணக்கெடுப்புக்கு உடன் செல்ல ஒரு வாய்ப்பு வரும்போல் இருக்கிறது. என் மைத்துனர் அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கிறார். ஒவ்வொரு செப்டம்பரிலும் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட மலைக்குப் போவார், அதற்காக ஆறு மாதம் பயிற்சி செய்வார். தன் பயிற்சி அட்டவணையை எனக்கு அனுப்பியிருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் ஓட்டம், முதுகில் 30 கிலோ மூட்டையோடு படி ஏற்றம். எங்கள் ஊரில் கடலும் உப்பளமும்தான், மலையே கிடையாது. அந்த அட்டவணையை அப்படியே செய்யலாமா? எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது.

பதில்: அப்படியே செய்ய வேண்டாம் சார். கிழித்தும் போட வேண்டாம். அதில் பாதி உங்களுக்கும் ஆகும்.

உங்கள் மைத்துனர் ஏன் 30 கிலோவைத் தூக்குகிறார் என்று பாருங்கள். ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் நிற்கும். அதைச் சுட்ட இடத்திலிருந்து வண்டிப் பாதை பல கி.மீ. தள்ளியிருக்கும். நூறு கிலோ அளவுக்குத் தேறும் இறைச்சியைத் துண்டு போட்டு, முதுகில் கட்டி, பல நடையாக இறக்க வேண்டும். அதுவும் 2,500 முதல் 3,500 மீட்டர் உயரத்தில், காற்றில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில். அவர் பயிற்சி முழுக்க அந்தக் கடைசி நாள் சுமைக்காகத்தான். நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, மலையில் மானையோ ஆட்டையோ தேடிப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது பைனாகுலரும் நோட்டும்தான். உங்கள் பையில் தண்ணீர், மழைக்கோட்டு, சாப்பாடு, பைனாகுலர் எல்லாம் சேர்த்து ஏழெட்டுக் கிலோ இருக்கும். போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான். முக்கூர்த்திச் சிகரமே 2,554 மீட்டர்தான். முதல் நாள் கொஞ்சம் மூச்சு வாங்கும், அதற்கு மேல் உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆக, 30 கிலோ மூட்டையையும் ஓட்டத்தையும் அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள்.

மிச்சமிருப்பது படி ஏற்றம். அதோடு அட்டவணையில் இல்லாத ஒன்றும் வேண்டும், இறக்கம். மலைக்குப் போகிற சமவெளிக்காரர்கள் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் வருவது மூச்சிரைப்பு. நின்றால் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். தொடையை அடித்துப் போடுவது இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைக்கு அந்த வேலை கொடுத்தால் உள்ளே நுண்ணிய சிதைவுகள் உண்டாகும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாள் காலையில் ஆரம்பித்து இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதே பாடாகிவிடும்.

உங்களுக்கு இது வெறும் வலி விஷயமில்லை. வரையாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு பகுதியை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு எண்ணிக்கையை எழுதிவிட மாட்டார்கள். அதே பகுதியை அடுத்தடுத்துத் திரும்ப நடந்து எண்ணுவார்கள், ஒவ்வொரு முறையும் கிடைத்த எண்ணிக்கையை வைத்துத்தான் கணிப்பு. 2024-இல் தமிழ்நாட்டில் நடந்த முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு ஏப்ரல் 29 முதல் மே 1 வரை மூன்று நாள் நடந்தது, 1,031 ஆடுகள் என்று கணித்தார்கள். அடுத்த ஆண்டு அது 1,303 ஆனது. இரண்டாம் நாள் தொடை வலியில் ஒருவர் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் அந்தச் சரிவில் நின்ற குட்டிகளை எண்ண ஆள் இருக்காது. ஆகவே உங்கள் பயிற்சியின் குறி மூன்றாம் நாள் காலை நீங்கள் எப்படி எழுந்து நிற்கிறீர்கள் என்பதாக இருக்கட்டும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. இறக்கத்தில் ஒருமுறை அடிபட்டுத் தேறிய தசை, அதே வேலையை அடுத்த முறை கொடுக்கும்போது அவ்வளவு அடிபடுவதில்லை. இந்தக் காப்பு சில வாரங்கள் நிற்கும். அதனால் வலியை ஊரிலேயே பட்டுவிட்டுப் போய்விடலாம்.

மலையே இல்லை என்கிறீர்கள். திண்டிவனம் போகும் சாலையிலேயே பெருமுக்கல் இருக்கிறதே! மேலே சிவன் கோயில், பாறையில் ஆதிமனிதர் செதுக்கிய கீறல்கள். பறவை பார்க்கிறவர் அங்கே ஒருமுறையாவது போயிருப்பீர்கள். சின்ன மலைதான், ஆனால் ஒரு காலையில் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கலாம். மயிலம் முருகன் கோயில் குன்றும் உண்டு. பெரிய பரீட்சைக்குச் செஞ்சி ராஜகிரி, சுமார் 800 அடி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, காலையில் கதவு திறந்ததுமே ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் அந்தப் பாறை அடுப்பாகிவிடும்.

வார நாட்களுக்கு உங்கள் பள்ளி மாடிப்படி போதும். ஒரு மாடி மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முப்பது முறை ஏறி இறங்கினால் நூறு மீட்டர் மலை. ஏறும்போது சாதாரணமாக ஏறுங்கள். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் மனதுக்குள் மூன்று வரை எண்ணி, காலை மெல்ல வையுங்கள், கைப்பிடியைப் பிடிக்காமல். மாணவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெஞ்சு அளவு உயரமுள்ள திண்ணையில் ஏறி இறங்குவதும் இதே பலன் தரும்.

கடற்கரையை விட்டுவிடாதீர்கள். காய்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. அரை மணி நேரம் மணலில் நடந்தால் கெண்டைக்காலும் கணுக்காலும் வேலை செய்யும், முட்டிக்கு அதிர்ச்சி கிடையாது. ஆனால் அலை ஈரமாக்கிய சரிவில் ஒரே பக்கமாக நெடுந்தூரம் போகாதீர்கள். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுந்து இடுப்பு வலிக்கும். போன வழியே திரும்பினால் சமமாகிவிடும்.

பொங்கலிலிருந்து ஏப்ரல் கடைசி வரை பதினைந்து வாரம் இருக்கிறது. தை மாதம் முழுக்க நடையும் மாடிப்படியும் மட்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும், பையே வேண்டாம். மாசியில் மூன்று கிலோவில் பையைத் தொடங்கி, பங்குனிக்குள் எட்டுக் கிலோவுக்கு வாருங்கள். ஞாயிறுதோறும் பெருமுக்கல். பங்குனியில் இரண்டு முறையாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து மலை ஏறுங்கள், இரண்டாம் நாள் வலியோடு. இந்த அட்டவணையிலேயே முக்கியமான பயிற்சி அதுதான். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு கடைசியாக ஒருமுறை செஞ்சி, அதன் பிறகு வெறும் நடை. கடைசி வாரத்தில் கூடுதலாக உழைத்து யாரும் பலம் சேர்த்ததில்லை, களைப்பைத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிடுங்கள். வயது 46, சர்க்கரை எல்லையில். டாக்டர் டிரெட்மில் பரிசோதனை சொன்னால் மறுக்க வேண்டாம். கோவை வெள்ளியங்கிரியில் சீசன் தவறாமல் நெஞ்சடைத்து இறப்பவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. மலைக்கு மேல் போய்தான் இதயத்தைச் சோதிக்க வேண்டும் என்றில்லை. படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ வந்தால் பயிற்சி அன்றோடு நிறுத்தம்.

குளிர், மழை, அட்டை பற்றி நீலகிரி நண்பர்களே சொல்லிவிடுவார்கள். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது என்பதை மட்டும் நான் சொல்லிவைக்கிறேன். உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பழகியவர்கள் அந்தக் குளிரை எப்போதும் குறைத்தே எடை போடுகிறார்கள்.

கேள்வி: வயது 24. அப்பாவும் நானும் உப்பளத்தில் வேலை செய்கிறோம். வனக்காப்பாளர் வேலைக்கு எழுத்துத் தேர்வு நன்றாகச் செய்திருக்கிறேன். அடுத்து 25 கி.மீ. நடைத் தேர்வு, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நாள் முழுக்கப் பாத்தியில் நிற்கிறேன், தலையில் உப்பு சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறேன், உடம்பில் பலம் இருக்கிறது. ஆனாலும் வேகமாகப் பத்து கி.மீ. நடந்தாலே முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எரிகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது. நண்பர்கள் தேர்வு அன்றைக்கு ஏதோ மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: மாத்திரைக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி: கூடாது. ஏன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

கணக்கைப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் 25 கி.மீ. என்றால் மணிக்கு ஆறே கால் கி.மீ. ஒரு கி.மீ.க்கு 9 நிமிடம் 36 நொடி. சாதாரணமாக நாம் நடப்பது மணிக்கு நாலரை, ஐந்து. ஏழைத் தாண்டினால் உடம்பே ஓடத் தொடங்கிவிடும். ஆக, இந்தத் தேர்வு உங்களை நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு சங்கடமான வேகத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கிறது. அந்த வேகத்தில் முதலில் களைப்பது பெரிய தசைகள் இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி முன்பக்கம் இறங்கும் ஒரு மெலிந்த தசை. ஒவ்வொரு அடியிலும் பாதத்தின் நுனியைத் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை. வேகம் கூடக் கூட அதன் பாடு கூடுகிறது. உங்களுக்கு எரிவது அதுதான். பெண்களுக்கு அதே நான்கு மணி நேரத்தில் 16 கி.மீ., கி.மீ.க்குப் பதினைந்து நிமிடம். இந்தச் சங்கடம் அவர்களுக்கு இல்லை.

உப்பள வேலை உங்களுக்குத் தந்திருப்பது முதுகு, கழுத்து, பிடி. அதெல்லாம் வனத்துறை வேலைக்கு வேண்டும், ஆனால் நடைத் தேர்வு அதை எதையும் கேட்பதில்லை. பலகையால் உப்பு வாரும்போது முன்னால் குனிந்தே நிற்கிறீர்கள். தொடையும் இடுப்பும் சேரும் இடம் இறுகிப்போயிருக்கும், கால் பின்னால் நீளாது. பின்னால் தள்ள முடியாத கால், அந்த வேகத்துக்காக முன்னால் எட்டி வைக்கும். முன்னால் எட்டி வைத்தால் குதிகால் பிரேக் போடும், முன்தசை இன்னும் எரியும்.

அதனால் அடியை நீட்டாதீர்கள். அடியின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 130 அடி வைத்தால், ஒரு அடி எண்பது சென்டிமீட்டர் இருந்தாலே தேர்வு வேகம் வந்துவிடும். முழங்கையை மடக்கி, கையை வேகமாக வீசுங்கள். கை போகும் வேகத்துக்குக் கால் போகும். தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு காலைப் பின்னால் நீட்டி முட்டி போட்டு இடுப்பை முன்னால் தள்ளி நிறுத்துங்கள், பக்கத்துக்கு ஒரு நிமிடம். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இருபது தடவையிலேயே அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வாரத்தில் நான்கு நாள் நடை போதும், நீங்கள் ஏற்கெனவே உடம்பால் உழைக்கிறவர். அதில் இரண்டு நாள் மெதுவாக. ஒரு நாள் 5 கி.மீ. தேர்வு வேகத்தில். ஒரு நாள் நெடுநடை, இப்போது பத்தில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றரை கி.மீ. கூட்டி 20, 22 வரை போனால் போதும். நான்காவது வாரம் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு மூச்சு விடுங்கள். முழு 25-ஐத் தேர்வுக்கு முன் நடந்து பார்த்தே தீர வேண்டும் என்பது மனத் திருப்திக்குத்தான். எலும்பில் ஒரே ஒரு புள்ளியில் விரலை வைத்தால் துள்ளுகிற வலி வந்தால் அது தசை எரிச்சல் இல்லை, எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். நடையை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே நடப்பது? விடியலில் உப்பள வரப்பு நல்ல இடம், கெட்டி மண், வண்டி கிடையாது. ஆனால் தேர்வு சாலையிலோ மைதானத்திலோ இருக்கும், பாதிப் பயிற்சியாவது தாரில் இருக்கட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் இருட்டில் நடக்கவே வேண்டாம் என்பேன். அங்கே வண்டிகள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். வேறு வழியே இல்லையென்றால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரத்தில், வெள்ளைச் சட்டையில் நடங்கள். காலணியைத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிப் பழக்குங்கள். வெறுங்காலோடு உப்புநீரில் நின்று வெடித்த பாதம் உங்களுடையது. வெடிப்பில் இரவு தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி ஆற்றிவிட்டுத்தான் ஷூவுக்குள் வைக்க வேண்டும்.

அன்றைய நாளில் எல்லோரும் செய்யும் தவறு, முதல் ஐந்து கி.மீ.யைக் கூட்டத்தோடு பறப்பது. முதல் 15 கி.மீ.யை 9 நிமிடம் 15 நொடி வேகத்தில் போங்கள். 2 மணி 19 நிமிடம் ஆகும். மீதிப் பத்துக்கு 1 மணி 41 நிமிடம் கையில் இருக்கும். கடைசிப் பத்தில் கால் கனத்தாலும் கி.மீ.க்குப் பத்து நிமிடம் தாங்கும்.

இப்போது மாத்திரை. 2024 ஆகஸ்ட் இறுதியில் ஜார்க்கண்டில் கலால் காவலர் பணிக்கான 10 கி.மீ. ஓட்டத் தேர்வில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். தேர்வையே சில நாள் நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டு மே மாத வெயிலில் மத்தியப் பிரதேசம் பாலாகாட்டில் உங்களைப்போலவே வனத்துறை வேலைக்காக 25 கி.மீ. நடந்த ஓர் இளைஞர் முடிக்கும் தறுவாயில் சரிந்து இறந்தார். இவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பொதுவாக ஆளைக் கொல்லும் கூட்டணி எது என்று சொல்ல முடியும்: இரவெல்லாம் பஸ்ஸில் தூங்காத உடம்பு, வெயில், பழக்கமில்லாத வேகம், முன்பே இருந்து தெரியாமல் போன இதயக் கோளாறு. இந்த நான்கோடு ஊக்க மாத்திரையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். களைப்பு என்பது உடம்பு அடிக்கிற மணி. அந்த மாத்திரை மணியின் சத்தத்தைத்தான் நிறுத்தும், தீயை அணைக்காது. எனர்ஜி டிரிங்க் டப்பாக்களையும் அன்றைக்குத் தொடாதீர்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், நீங்கள் எப்போதாவது ஓடும்போது மயங்கியிருந்தால், தேர்வுக்கு முன் எக்கோ பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

சாராயம் பற்றி, 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் நடந்த விஷச் சாராயச் சாவுகளைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பீடி, ஹான்ஸ் இருந்தால் இன்றைக்கே விடுங்கள்.

தேர்வுக்கு முன்தினமே அந்த ஊருக்குப் போய்ப் படுத்துத் தூங்குங்கள். காலையில் உங்களுக்குப் பழகிய ஆகாரம். பழைய சோறும் மோரும் என்றால் அதுவே. வழியில் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கமும் வலிப்பும் வரும். ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புக்கு உங்கள் வீட்டில் பஞ்சமிருக்காது, அதற்காக அளவு மீற வேண்டாம்.

வேலை கிடைத்த பிறகு மலைக்கு அனுப்பினால் மேலே ஆசிரியருக்குச் சொன்ன இறக்கப் பயிற்சியைப் படித்துக்கொள்ளுங்கள். வேட்டைத் தடுப்பு முகாமுக்கு அரிசியும் பருப்பும் முதுகில்தான் போகும். அந்த அமெரிக்க மைத்துனரின் 30 கிலோ அட்டவணை அப்போது உங்களுக்குத்தான் பொருந்தும்.

கேள்வி: (மகள் எழுதித் தந்தது) டாக்டரம்மா, எனக்கு 43 வயது. இருபது வருடத்துக்கு மேலாக உப்பள வேலை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் வேலை இருக்காது, வீட்டில்தான். தையில் திரும்ப இறங்கிப் பாத்தி மிதிக்கும்போது முதல் வாரம் ஒரே தலைசுற்றல், குமட்டல், ராத்திரி கால் இழுப்பு. மாசி, பங்குனியில் வெயில் ஏறினால் மறுபடியும் அதேதான். வருடா வருடம் இப்படி. வயதாகிவிட்டதாலா? வீட்டில் இருக்கிற மாதங்களில் ஏதாவது செய்யலாமா? வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

பதில்: வயது ஒரு பங்குதான் அக்கா. பெரிய பங்கு, உடம்பு மறந்துபோவது. வெயிலில் தொடர்ந்து வேலை செய்தால் ஒன்று இரண்டு வாரத்தில் உடம்பு சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளும். ரத்தத்தில் நீர்ப்பங்கு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், வியர்வையில் உப்பு குறைவாகப் போகும், இதயம் நிதானமாக அடிக்கும். இத்தனையும் வெயிலை விட்டு விலகி மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். நீங்கள் விலகி இருப்பது மூன்று மாதம். இருபது வருட அனுபவம் கையில் இருக்கிறது, உடம்போ தையில் புதிதாகச் சேர்ந்த ஆள்.

அமெரிக்காவின் தொழில் உடல்நல ஆய்வு நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெயில் வேலைக்குப் புதியவர் முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். அனுபவம் உள்ளவர் இடைவெளிக்குப் பிறகு திரும்பினால் முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் பத்தில் ஆறு, மூன்றாம் நாள் எட்டு, நான்காம் நாள் முழுசு. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. பாதி நாள் வேலைக்கு முழுக்கூலி யார் தருவார்கள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாய் எத்தனை நாள் வரும் என்பதும் தெரியும். ஆகவே முதலாளியின் தயவு தேவைப்படாத வழிகளைச் சொல்கிறேன்.

மார்கழியிலேயே தொடங்குங்கள். மழை விட்ட நாட்களில் காலை பத்து மணி வெயிலில் முக்கால் மணி நேரம் வியர்க்க வியர்க்க நடங்கள். இரண்டு வாரம் நடந்தால் பாதி ஏற்பாடு வீட்டிலேயே ஆகிவிடும். கூடவே கையை ஊன்றாமல் மணையிலிருந்து உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக மூன்று தடவை. பாத்தி மிதிப்பதற்கு வேண்டிய தொடை அதில் கிடைக்கும். வேலை தொடங்கிய வாரத்தில் குழுவுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள், மிதிப்பவர் ஒரு மணி நேரம் கழித்து வரப்பு வேலைக்கு, வரப்பில் இருப்பவர் மிதிக்க. கனமான வேலையை விடியலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் எழுதாத ஒன்று எனக்குத் தெரியும். உப்பளத்தில் ஒதுங்க மறைவிடம் இல்லை, அதனால் பெண்கள் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பத்தையும் தொழிலாளர்களின் சிறுநீரகத்தையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள், சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கிறது. மத்திய அமெரிக்காவில் நிகரகுவா, எல் சால்வடோர் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளைஞர்களே சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அங்கே பிறகு நிழல், தண்ணீர், கட்டாய ஓய்வு மூன்றையும் ஏற்பாடு செய்தார்கள். எல் சால்வடோரில் ஆட்கள் வெட்டிய கரும்பு குறையவில்லை, கூடத்தான் செய்தது. உங்கள் மகள் எழுதத் தெரிந்தவள். நிழற்கூரையும் கழிப்பறையும் கேட்டு அவள் எழுதும் மனுவில் இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

வேலை நேரத்தில் கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மதியம் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, கடுந்தேநீர் நிறத்தில் வந்தால் அன்றைக்கு வேலை போதும். மோர் குடித்தும் மறுநாள் அதே நிறம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைசுற்றி வியர்வை நின்றுபோனாலோ, ஆள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ காத்திருக்கக் கூடாது. நிழலில் படுக்கவைத்து, சேலையைத் தளர்த்தி, கிடைக்கிற தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். குளிர்விப்பது முதலில், ஆம்புலன்ஸ் வருவதற்குள்.

மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையின் அட்டையை மகளைப் படிக்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று இருந்தால் வெயில் வேலை நாளில் போடவே கூடாது. உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிவிடும். தவிர்க்கவே முடியாவிட்டால் பாராசிட்டமால். வருடத்துக்கு இரண்டு முறை, தையிலும் ஆவணியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் ஒரே நோட்டில் எழுதிவையுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் மகள் சின்ன எழுத்தில், தலையில் சுமந்து சுமந்து அம்மா கழுத்து தேய்ந்துவிடுமா என்று கேட்டிருக்கிறாள். கென்யாவில் லுவோ, கிக்குயு பெண்களை அளந்து பார்த்தவர்கள், உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அவர்கள் கூடுதல் சக்தியே செலவழிக்காமல் தலையிலோ நெற்றியில் மாட்டிய வாரிலோ சுமப்பதைக் கண்டார்கள். சிறு வயதிலிருந்து பழகிய நடை அது. ஐம்பது கிலோ உடம்புக்கு அந்த அளவு பத்துக் கிலோதான் ஆகிறது, உப்புக்கூடை அதைவிடக் கனம். கழுத்தெலும்பு தேய்மானம் வர வாய்ப்பு உண்டு. கூடையை மற்றவர் தூக்கிவிட்டு, மற்றவர் இறக்கிவிடுவது பாதி ஆபத்தைக் குறைக்கும். கழுத்து வலியோடு கை மரத்துப்போனாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ சுமையை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கடிதம் எழுதிய மகளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்றால் அவள் தலையில் கூடை ஏறவே கூடாது.